இருளாயி நனையாத கோடை

மிளகாய் காய்கிற மாசங்களில் மேலேந்தல்காரர்கள் மேகத்தைப் பார்த்து அழகு என்று சொல்லமாட்டார்கள், சின்னப்பிள்ளை தெரியாமல் சொல்லிவிட்டால்கூட வாயைப் பொத்தி வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், ஏனென்றால் ஊருக்குக் கிழக்கே கிடக்கும் பொட்டல் முழுக்க அப்போது சிவந்திருக்கும், வீட்டுக்கு ஒரு பாத்தி என்று பிரித்துக்கொண்டு பக்கம் பக்கமாக விரித்த மிளகாய், வருசம் முழுக்கப் பட்ட பாடெல்லாம் வானத்தைப் பார்த்து மல்லாந்து படுத்திருக்கும், அதன்மேல் ஒரு மழை விழுந்தால் சிவப்பு வெளுத்து, வெளுத்தது புழுத்து, கமிஷன் கடைக்காரன் கையில் அள்ளிப் பார்த்து உதறிவிட்டுப் போவான்.

அதனால் அந்த ஊருக்கு ஒரு முறை உண்டு. களத்தில் நிற்பவர்களில் மழையை முதலில் யார் கண்டாலும், தன் பாத்தியை மூடுவதற்கு முன்னால், மேற்கு ஓரத்திலிருந்து கிழக்கு ஓரம் வரைக்கும் வரிசையாக ஒவ்வொரு பாத்திக்காரர் பேரையும் சொல்லிக் கூவ வேண்டும். பேர் கேட்டவர் கேட்டுச்சு என்று திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அவர் தூங்குகிறாரோ, கடைக்குப் போயிருக்கிறாரோ, இரண்டு பக்கத்துப் பாத்திக்காரரும் ஓடிப்போய் அவருடைய தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டுத்தான் தங்களுடையதை மூட வேண்டும். பேசாதவர்கள் பேரையும் கூவுவார்கள். வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போனவர்கள்கூட, காலையில் வக்கீல் வீட்டு வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றவர்கள்கூட, சாயந்தரம் களத்தில் ஒருவர் பேரை ஒருவர் தொண்டை கிழியக் கூவியிருக்கிறார்கள்.

அந்த வருசம் சித்திரை பிறந்ததிலிருந்தே வானம் சரியில்லை. காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும், மதியத்துக்கு மேல் மேற்கே கறுத்துக்கொண்டு வரும், சூறைக்காற்று புழுதியைச் சுருட்டிக்கொண்டு ஓடும், இடிக்கும், சில நாள் பெய்யும், சில நாள் பெய்யாமல் பயம் காட்டிவிட்டுப் போய்விடும். பேருந்து நிறுத்தத்தில் மைக்செட் கடை வைத்திருந்த இபுராகிம்சா தினமும் சாயந்தரம் செல்போனில் வானிலை பார்த்து, கூரைமேல் கட்டிய குழாய் ரேடியோவில் வாசிப்பார். இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை, ஓரிரு இடங்களில் பெய்யக்கூடும் என்பார். அந்த ஓரிரு இடம் எந்த இடம்ணே என்று டீக்கடையில் கேட்பார்கள். அது தெரிஞ்சா நான் ஏம்ப்பா மைக்செட் வச்சிருக்கேன் என்பார் அவர்.

அப்படி ஒரு மதியத்தில், மேற்கே கறுப்பு எழும்பியதை முதலில் கண்டது இருளாயி.

இருளாயி நல்ல மனுசி. இதைச் சொல்லாமல் மேலே போனால் கதை பொய்யாகிவிடும். கோழிக்குஞ்சை மிதித்துவிட்டால்கூட அன்றைக்குச் சோறு இறங்காத மனுசி. ஆனால் அவளுக்குள் அப்போது ஒரு சொம்பு கிடந்து உருண்டுகொண்டிருந்தது. பங்குனிப் பொங்கலன்று கோயில் வாசலில் வியாபாரி ஒருத்தர் இது யார் வீட்டு வத்தல் என்று இருளாயியின் பையிலிருந்து ஒரு கை அள்ளிக் கேட்டபோது, பக்கத்துப் பாத்திக்காரி பஞ்சவர்ணம், வாய் சும்மா இருக்காத பஞ்சவர்ணம், எங்க மயினி வத்தலப் பிழிஞ்சா ஒரு சொம்புத் தண்ணி எடுக்கலாம், தாகத்துக்கு ஆகும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், வியாபாரியும் சிரித்தார், இருளாயியும் சிரித்தாள். அதற்குப் பிறகு சில நாள் அவளை வழியில் கண்டவர்களெல்லாம் ஆத்தா சொம்பு கொண்டாரவா என்று கேட்டுச் சிரித்துவிட்டு மறந்துபோனார்கள். அவள் மறக்கவில்லை.

கறுப்பைக் கண்டதும் இருளாயி முறைப்படி மேற்கு ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். பேர் பேராக வந்தாள், கேட்டுச்சு கேட்டுச்சு என்று பதில் வந்தது, தவசி அண்ணே என்றாள், கேட்டுச்சு என்றார் தவசி. அடுத்தது பஞ்சவர்ணம். அதற்கடுத்த பாத்தி இருளாயியுடையதே, கூவுகிறவள் தன் பேரைத் தானே கூவுவதில்லை, ஆகையால் அந்த இடத்தில் எப்படியும் ஒரு பேர் இருக்காது. அவள் ஒரு மூச்சு நிறுத்தினாள். பிறகு தன் பாத்தியைத் தாண்டிய அடுத்த பேரைக் கூவினாள். குறைய வேண்டியது ஒரு பேர், குறைந்ததோ இரண்டு பேர் என்று கணக்குப் பார்க்க அந்தக் காற்றில் யாருக்கு நேரம்? ஒவ்வொருத்தரும் தன் பேர் வரைக்கும்தான் காது கொடுத்தார்கள், வந்ததும் குனிந்துகொண்டார்கள்.

பஞ்சவர்ணம் அப்போது பொட்டலோரத்து வேலமரத்தடியில் காய்ச்சலோடு சேலையைப் போர்த்திப் படுத்துக்கிடந்தாள். தன் தார்ப்பாயின் முனையில் கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த இருளாயி, ஓரக்கண்ணால் பக்கத்துப் பாத்தி திறந்தபடி செக்கச்செவேலென்று கிடப்பதைப் பார்த்தாள். அப்போதும் கூவியிருக்கலாம். கல்லை நேராக வைத்தாள். மழை விழுந்தது.

மழை விட்டபோது எல்லோரும் தொப்பலாக நனைந்து நின்றார்கள். இருளாயியின் சேலை முந்தானையில் ஒரு பொட்டு ஈரமில்லை.

முதலில் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. தார்ப்பாய்க்குள் நுழைந்திருப்பாள் என்றார்கள். அடுத்த மழையில் அவள் ரேஷன் கடையிலிருந்து சீனியும் பருப்பும் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் வந்துகொண்டிருந்தாள், ரோடு ஆறாக ஓடியது, அவள் நடந்த இடம் மட்டும் புழுதி பறக்கக் கிடந்தது, அவள் நகர நகர அந்தக் காய்ந்த இடமும் கூடவே நகர்ந்தது. டீக்கடையிலிருந்து பார்த்தவர்கள், அட, இருளாயிமேல மழை பெய்யலையே என்று சொல்லிவிட்டு, அந்த டீயைக் குடித்து முடித்தார்கள். அதற்கடுத்த மழையில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் புத்தகப்பை நனையாமலிருக்க அவளைத் தேடி ஓடிவந்து ஒட்டிக்கொண்டார்கள். அதன்பிறகு ஊருக்கு அது பழகிவிட்டது.

காய்ந்த இடம் வட்டமாக இல்லை. நாலு மூலை உண்டு அதற்கு. தவசிதான் குச்சியால் கோடு போட்டு, இது ஒரு பாத்தி அளவு சரியா இருக்கு என்று கண்டுபிடித்தார். எந்தப் பாத்தி என்று அவர் கேட்கவில்லை. அந்த நீளமும் அகலமும் யாருடையது என்று இருளாயிக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை வருசம் பார்த்த பாத்தி.

ஊர் கூடிப் பேசி முறை வைத்தது. எந்தப் பாத்தி இன்னும் ஒரு வெயிலுக்கு நிற்கிறதோ அதன் நடுவில் அவளை ஒரு நாற்காலி போட்டு உட்காரவைப்பது, சாப்பாடு அந்தப் பாத்திக்காரர் பொறுப்பு. கல்யாண வீட்டுக்காரர்கள் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்து, மாலை மாற்றும்போது மட்டும் மாப்பிள்ளை பெண்ணுக்கு நடுவில் வந்து நின்றால் போதும் என்று கேட்டார்கள். போட்டோவிலெல்லாம் அவள் முகம் விழுந்தது, தலையைக் குனிந்தபடி. மேலத்தெருவில் ஒரு சாவு விழுந்து, மழை விடாமல் அடித்து, கொள்ளி பிடிக்கமாட்டேன் என்றபோது, பொம்பளை சுடுகாட்டுக்கு வரலாமா என்று ஒரு பேச்சு எழும்பியது, டிராக்டரைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தால் அது வந்ததாக ஆகாது என்று முடிவாகி, டிராக்டரில் உட்காரவைத்து அழைத்துப் போனார்கள். செத்தவருடைய மகன் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

இபுராகிம்சா வானிலையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார். நாளை மாலை இடி மின்னலுடன் கூடிய மிதமான மழை, இருளாயி அக்கா இருக்கும் இடம் நீங்கலாக, ஓரிரு இடங்களில் பெய்யக்கூடும், அக்கா நாளை மதியம் வரை தவசி அண்ணன் பாத்தியிலும் அதன்பின் நாயக்கர் வீட்டு வளைகாப்பிலும் இருப்பார்கள் என்று வாசித்தார். கோயில் பூசாரி முதல் விபூதியை அவளுக்குக் கொடுத்தார். என்ன புண்ணியம் செஞ்சியோ ஆத்தா என்று எதிரே வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். கேட்கும்போதெல்லாம் அவள் முகம் சுட்டது. ஒரு அறை வாங்கியிருந்தால்கூட அப்படிச் சுட்டிருக்காது.

சுட்டது முகம் மட்டும் இல்லை. மழை விழுந்து ஊரெல்லாம் குளிர்ந்து, மண் மணக்க, எல்லோரும் கதவைத் திறந்து போட்டுத் தூங்குகையில், அவளைச் சுற்றி அந்த நாலு மூலைக்குள் மட்டும் சித்திரை வெயிலின் அனல் அப்படியே நின்றது. கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு வெடித்தது. அவள் புருசன் போஸ், வீட்டுக்குள்ள அடுப்ப வச்சுக்கிட்டுத் தூங்குற மாதிரி இருக்கு என்று கட்டிலைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார். கோபத்தில் இல்லை, பெருமையாகத்தான் போனார். பாயும் தலையணையும் நனைந்தாலும் பரவாயில்லை என்று சிரித்துக்கொண்டே போனார்.

இதையெல்லாம்கூட அவள் தாங்கியிருப்பாள். பஞ்சவர்ணத்தின் காதைத்தான் தாங்க முடியவில்லை.

வெளுத்துப்போன மிளகாயைக் குப்பையில் கொட்டிவிட்டு வந்த அன்றைக்குப் பஞ்சவர்ணம் இருளாயியிடம் மன்னிப்புக் கேட்டாள். நீ கூவியிருக்க, எனக்குத்தான் காதுல விழுகல மயினி, காய்ச்சல்ல பொணமாக் கெடந்திருக்கேன், பக்கத்துப் பாத்தின்னு உன்னையும் தவசி அண்ணனையும் ஊரு பேசிரக் கூடாதுன்னுதான் எனக்குக் கவலை என்றாள். தனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று அவள் நம்பிவிட்டாள். தன் பேர் எந்தத் தூக்கத்திலும் தன்னை எழுப்பிவிடும் என்று நினைத்திருந்தவள். நல்லெண்ணெய் காய்ச்சிக் காதில் விட்டாள். பரமக்குடிக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்துவந்தாள். மகள் நாகஜோதியைத் தெருமுனையில் நிற்கவைத்து மெதுவாகக் கூப்பிடச் சொல்லி, கேக்குது, கேக்குது, இன்னும் தள்ளிப் போ என்று சோதித்துக்கொண்டிருந்தாள். அதை வீட்டுக்குள்ளிருந்து இருளாயி பார்த்தாள். பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய், பாத்திரம் தேய்க்கிற சத்தத்தைப் பெரிதாக்கினாள்.

நாகஜோதிக்கு மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. வெளுத்த மிளகாயோடு அதுவும் போனதென்று, திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் சேர்க்கிற வேன்காரர் ஒருத்தர் பஞ்சவர்ணம் வீட்டு வாசலுக்கு வந்து போனார். ஆனால் செடியில் இரண்டாம் பறிப்பு இருந்தது. அது முழுசாகக் காய்ந்து மூட்டையானால் பிள்ளை மதுரைக்குப் போகலாம், நனைந்தால் வேன் ஏற வேண்டும். பஞ்சவர்ணம் அதைப் பறித்துப் பாத்தியில் விரித்துவிட்டு, இருளாயியை உட்காரவைக்கிற முறைக்கு வந்து நின்றாள்.

இருளாயி போய் நடுவில் உட்கார்ந்தாள். முதல் மழை வந்தபோது ஊரே வந்து வேடிக்கை பார்த்தது, ஏனென்றால் மற்றப் பாத்திகளில் காய்ந்த இடம் ஒரு பக்கம் மிஞ்சும், ஒரு பக்கம் குறையும், தார்ப்பாயை இழுத்து இழுத்து ஒட்டுப்போட வேண்டியிருக்கும், பஞ்சவர்ணத்தின் பாத்தியில் மட்டும் மூலைக்கு மூலை அச்சாகப் பொருந்தியது, ஓரத்து மிளகாயின் காம்பை உரசிக்கொண்டு மழை நேர்கோடாக நின்றது. அதிசயந்தான் என்றார் தவசி. இருளாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். சொன்னால் மழை தன்மேல் விழுந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. விழட்டும், அதற்காகத்தானே ஏங்குகிறாள், ஆனால் தன்மேல் விழுகிற மழை இந்த மிளகாய்மேலும் விழும், தினமும் தார்ப்பாய்க்குள் மூடிக் கிடந்தால் புழுங்கிப்போகும், பிள்ளை வேன் ஏறும். சொல்லாமலிருந்தால் பஞ்சவர்ணம் காதில் எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பாள். ஆகவே அவள் தன் வெட்கத்தைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, பஞ்சவர்ணம் கொண்டுவந்து கொடுத்த கருவாட்டுக் குழம்புச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, இன்னொரு கரண்டி போடட்டுமா மயினி என்று கேட்டால் தலையாட்டிக்கொண்டு, மிளகாய் காய்ந்து கையில் கலகலவென்று சத்தம் போடுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.

கடைசி மூட்டையும் தைத்து லோடு வண்டியில் ஏறி, நாகஜோதி வண்டிக்குள் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி கமிஷன் கடையைப் பார்த்துப் போன பிறகு, களத்தில் அவர்கள் இரண்டு பேரும்தான் இருந்தார்கள். சிதறிய விதையைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்தது. பஞ்சவர்ணம் விளக்குமாற்றோடு ஓடிவந்து காய்ந்த இடத்துக்குள் நுழைந்து இருளாயியை ஒட்டி உட்கார்ந்தாள். யப்பா, என்னா அனலு என்று முந்தானையால் இரண்டு பேருக்கும் விசிறினாள். பிள்ளை ஊசி போடப் படிச்சுட்டு வந்து முதல் ஊசி உனக்குத்தான் போடும் என்றாள்.

"மயினி, உனக்குக் காது நல்லாத்தான் இருக்கு" என்றாள் இருளாயி.

"டாக்டரும் அதத்தான் சொன்னாரு. பிறகு ஏன் கேக்கலங்கறேன்."

"நான் கூப்பிடல."

விசிறிய முந்தானை நின்றது. நாலு பக்கமும் மழை சுவராக நின்று இரைந்தது. பஞ்சவர்ணம் மெதுவாகக் கேட்டாள்.

"மறந்துட்டியா?"

இருளாயிக்கு அந்தச் சொல் ஒரு கயிறு மாதிரி முன்னால் தொங்கியது. ஆமாம் என்று பிடித்துக்கொண்டால் ஏறிவிடலாம். பஞ்சவர்ணமே போட்ட கயிறு.

"மறக்கல. உன் பேரு நாக்கு வரைக்கும் வந்துச்சு மயினி. நான்தான் முழுங்கிட்டேன்."

"அந்தச் சொம்புக்கா?"

"ஆமா."

சொல்லிவிட்டு மேலே பார்த்தாள், விழுந்துவிடும் என்று. விழவில்லை. பஞ்சவர்ணம் எழுந்தாள். விளக்குமாற்றைத் தட்டி ஓரமாக வைத்தாள். காய்ந்த இடத்தின் விளிம்புவரைக்கும் வந்து, முந்தானையைத் தலைக்குப் போடாமல், வேகமாகவும் நடக்காமல், மழைக்குள் இறங்கினாள். முதுகு நனைந்து ஒட்டியது, கொண்டை அவிழ்ந்து தண்ணீர் வழிந்தது, பாதையில்லாத சகதியில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி ஊர் வரைக்கும் அப்படியே போனாள். இருளாயி உலர்ந்த மண்ணில் உட்கார்ந்து, அவள் நனைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சவர்ணம் ஊரில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னது இருளாயிதான். மறுநாள் மைக்செட் கடைக்குப் போய், இனிமே வானிலையில என் பேரச் சொல்லாதீக அண்ணே என்று கேட்டு, ஏன் என்றதற்குக் காரணத்தையும் சொன்னாள். கடையில் உட்கார்ந்திருந்தவர்களும் கேட்டார்கள். இபுராகிம்சா வெகுநேரம் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அன்று சாயந்தரம், இடி மின்னலுடன் கூடிய மழை ஓரிரு இடங்களில் பெய்யக்கூடும் என்று மட்டும் வாசித்து நிறுத்தினார்.

ஊர் அவளைத் திட்டவில்லை. திட்டுவதற்கு வாய் எடுத்தவர்களுக்கு அந்த மதியம் நினைவுக்கு வந்தது. தன் பேருக்குக் கேட்டுச்சு சொன்னதும் குனிந்துகொண்டது நினைவுக்கு வந்தது. தவசி மட்டும், நான் பக்கத்துலயே இருந்தேன், என் பேருக்கு அடுத்த பேரு என்னன்னு எனக்குத் தெரியாதா என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு களத்தில் நடந்தார். கல்யாண வீட்டுக்காரர்கள் போட்டோவை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிட்டார்கள். நாற்காலி கோயில் மண்டபத்துக்குப் போய்விட்டது. நாகஜோதி மதுரைக்குப் போனாள், போகும்போது இருளாயி வீட்டு வாசலைத் தாண்டுகையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதுபோல வேகமாக நடந்தாள்.

மழை மட்டும் இன்னும் இருளாயியைத் தொடவில்லை. இப்போது பிள்ளைகள் அவளிடம் ஓடிவருவதில்லை, நனைந்துகொண்டே போனார்கள்.

அவளுடைய கடைசிப் பறிப்பு பாத்தியில் கிடந்தது. பக்கத்தில் பஞ்சவர்ணம் வயலில் கூட்டிப் பொறுக்கிய மிச்ச மிளகாயை விரித்திருந்தாள். இரண்டு பேரும் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்புவதில்லை. நனையாதவளுக்குத் தார்ப்பாய் எதற்கென்று ஊர் முன்பே இருளாயியின் தார்ப்பாயை எடுத்து வேறு யாருக்கோ கொடுத்திருந்தது. அதைத் திருப்பிக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு மேற்கே கறுத்ததை முதலில் கண்டது பஞ்சவர்ணம். அவள் எழுந்து நின்று மேற்கு ஓரத்திலிருந்து பேர் சொல்லிக்கொண்டு வந்தாள். கேட்டுச்சு, கேட்டுச்சு என்று பதில் வந்தது. தவசி அண்ணே என்றாள். கேட்டுச்சு என்ற தவசி இந்த முறை குனியவில்லை, நின்று அடுத்த பேருக்குக் காது கொடுத்தார். களமே அப்படித்தான் நின்றது, கையில் தார்ப்பாயோடு, குனியாமல். அடுத்தது பஞ்சவர்ணத்தின் சொந்த இடம், அங்கே பேர் இருக்காது. அதற்கடுத்தது இருளாயி.

ஒரு மூச்சு நின்றது. அந்த மூச்சு எவ்வளவு நீளம் என்று இருளாயிக்குத் தெரியும். விட்டுவிடட்டும் என்று நினைத்தாள். விட்டுவிட்டால் சமமாகிவிடும்.

"இருளாயி" என்று கூவினாள் பஞ்சவர்ணம். மயினி என்று சொல்லவில்லை. களத்தில் பேர்தான் சொல்ல வேண்டும், அதைச் சொன்னாள், மற்றவர்களுக்குச் சொன்ன அதே தொண்டையில் சொல்லிவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டாள்.

இருளாயியின் புறங்கையில் ஒரு துளி விழுந்தது. அப்புறம் நெற்றியில் ஒன்று. வேர்க்குரு வெடித்த கழுத்தில் ஒன்று விழுந்து ஊசியாகக் குளிர்ந்தது. கேட்டுச்சு என்று பதில் சொல்ல வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை, வாய்க்குள்ளும் மழை விழுந்தது. அவள் முன்னால் அவள் மிளகாய் நனையத் தொடங்கியது, அவள் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள்.

பதில் வராவிட்டால் இரண்டு பக்கத்துப் பாத்திக்காரரும் ஓடிவர வேண்டும் என்பது முறை. கிழக்குப் பக்கத்திலிருந்து ஒருத்தர் ஓடிவந்தார். மேற்குப் பக்கத்திலிருந்து பஞ்சவர்ணம், தன் மிச்ச மிளகாயின்மேல் போட வைத்திருந்த தார்ப்பாயை உருவிக்கொண்டு, காற்றில் அது படபடவென்று அடிக்க, முகத்தைப் பார்க்காமல் வந்தாள்.

"அந்த முனையப் புடி" என்றாள்.